வளையம் கழற்றிய ஆட்டம்

ஆன்லைன் சதுரங்கத்தில் முன்னேற உப்பளத்துப் பெண்கள் எல்லாரும், போனில் ஆடும் அந்தச் செயலி கொடுத்த வளையத்தை மணிக்கட்டில் போட்டிருந்தார்கள். தப்பான காயைத் தொடப் போனால் அது சுருக்கென்று குத்தும். இசக்கியம்மாள் அப்படித்தான் மாவட்ட இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டாள்.

இறுதி ஆட்டத்தன்று காலை, உப்பு வாரும் பலகையைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். இழுப்பதற்கும் அவள் கை குத்தலுக்குக் காத்திருந்தது.

"என்னக்கா, உப்பு வாரவும் வளையம் சொல்லணுமோ?" என்று பக்கத்துப் பாத்தியில் பாக்கியம் சிரித்தாள்.

மதியம் ஆட்டம் தொடங்குமுன் இசக்கியம்மாள் வளையத்தைக் கழற்றித் தூக்குச்சட்டிக்குள் போட்டு மூடினாள்.

"தோத்துருவியேக்கா."

"தோத்தா தோக்கேன். எங்க தோத்தேன்னு எனக்குத் தெரியணும்லா."

தோற்றாள். ராணியை அவசரப்பட்டு வெளியே கொண்டுவந்ததுதான் தப்பு என்று அவளுக்கே தெரிந்தது. 'வளையம் இல்லாதவர்களுக்கு இனி ஆட்டம் இல்லை' என்றது போன்.

இசக்கியம்மாள் போனை அணைத்தாள். வரப்பில் குச்சியால் கட்டங்கள் கீறி, வெள்ளைக்கு உப்புக்கட்டியும் கறுப்புக்குக் களிமண் உருண்டையும் வைத்தாள்.

"ஏட்டி பாக்கியம், இங்க வந்து உக்காரு. மொதல்ல ஒன் வளையத்தக் கழத்து."