வால் பக்கத்துப் பட்டை

பாறை இடுக்கில் விரல்களை நுழைத்து உடம்பை மேலே இழுத்தபோது சுருக்கென்றது.

முள்ளாக இருக்கும் என்று கையை எடுத்தான்.

முள் நகர்ந்தது.

கறுப்பு உடம்பு. குறுக்கே மெல்லிய வெள்ளைப் பட்டைகள். தலையை அவன் பார்க்கவில்லை. பின்பாதி மட்டும் ஒரு சாண் நீளத்துக்கு வெளியே கிடந்தது. இரண்டு மூச்சு விடும் நேரத்தில் அதுவும் உள்ளே போய்விட்டது.

கீழே எட்டுப் பேர் அண்ணாந்து நின்றார்கள். மாதம் ஒரு ஞாயிறு அவனோடு மலையேறிப் பாம்பு பார்க்க வருகிறவர்கள்.

"என்ன பாம்பு சார்?"

"ஓநாய்ப் பாம்பு. விஷம் கிடையாது."

யோசிக்காமல் வந்தது. பதினோரு வருடமாக இப்படித்தான் வருகிறது. யார் எந்தப் படத்தை அனுப்பினாலும் ஒரு நிமிடத்துக்குள் பெயர் சொல்லிவிடுவான். அவனுக்குத் தெரியாத பாம்பு இன்னும் முட்டையை விட்டு வெளியே வரவில்லை என்று குழுவில் கேலி செய்வார்கள். அந்தக் கேலி அவனுக்குப் பிடிக்கும்.

எட்டு முகங்களும் தளர்ந்தன. சார் கையையே கடிச்சிருச்சு பாருங்க என்று யாரோ சிரித்தார்கள்.

இறங்கி வந்து ஆள்காட்டி விரலை நீட்டிக் காட்டினான். ஊசி குத்தினாற்போல ஒரு புள்ளி. வலி இல்லை. வீக்கம் இல்லை.

கடி வாங்கியாயிற்று, அதை வீணாக்குவானேன்? பாடத்தைத் தொடங்கினான்.

இதைக் கட்டுவிரியன் என்று நினைத்து அடித்துக் கொல்லாத ஊரே இல்லை. கட்டுவிரியன் கடித்தாலும் வலிக்காது. சில மணி நேரத்தில் இமை தானாக மூடும், அப்புறம் மூச்சு நிற்கும். ஓநாய்ப் பாம்பு பாவம், அதன் வேஷத்தைப் போட்டுக்கொண்டு பிழைக்கிறது. இரண்டையும் பட்டையை வைத்துப் பிரிக்கலாம். ஓநாய்ப் பாம்புக்குக் கழுத்திலேயே பட்டை தொடங்கிவிடும். வாலை நோக்கிப் போகப் போக மங்கி...

நிறுத்தினான்.

அவன் பார்த்தது வால் பக்கம்.

அங்கே எதுவும் மங்கியிருக்கவில்லை. சுண்ணாம்பில் கோடு போட்டதுபோல் கடைசிவரை பளிச்சென்று இருந்தது.

அல்லது இப்போதுதான் அப்படித் தோன்றுகிறதா?

எட்டுப் பேரும் மீதிப் பாடத்துக்காகக் காத்திருந்தார்கள்.

மறுபடி பாறையில் ஏறினான். செல்போன் விளக்கை இடுக்குக்குள் அடித்தான். கட்டுவிரியனுக்கு நடுமுதுகுச் செதில் மட்டும் பெரிதாக இருக்கும்; அது ஒன்று தெரிந்தால் போதும், ஒரே பார்வையில் சொல்லிவிடுவான். சருகு தெரிந்தது. ஈர மண் தெரிந்தது. போனை இன்னும் உள்ளே நீட்டினான். கூடவே கையையும்.

பிறகுதான், தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று உறைத்தது. கையை மெதுவாக வெளியே எடுத்தான்.

பயமாக இருந்தது. அதைவிட வெட்கமாக இருந்தது.

கீழே மூங்கில் வெட்டும் சத்தம் கேட்டது.

சடையன். இந்த மலையிலேயே குடியிருப்பவர், வழிகாட்ட வந்தவர். சிரிப்பிலும் பாடத்திலும் அவர் சேரவில்லை. சற்றுத் தள்ளி, காய்ந்த மூங்கில் ஒன்றை நீளமாக வெட்டிப் போட்டிருந்தார். இரண்டாவதில் அரிவாள் இறங்கிக்கொண்டிருந்தது.

"எதுக்குண்ணா இது?" பாறையில் இருந்தபடியே கேட்டான்.

"சும்மாதானுங்க. வேண்டாம்னா போட்டுட்டுப் போயிரலாமுங்க."

நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

ஜீப் நிற்கும் இடத்துக்கு இறங்க இரண்டு மணி நேரம். அங்கிருந்து மருந்து இருக்கும் ஆஸ்பத்திரிக்கு இன்னும் ஒரு மணி நேரம். கடிபட்டவர் நடக்கவே கூடாது என்று அவனே எத்தனையோ பள்ளிகளில் போய்ச் சொல்லியிருக்கிறான். தூக்கிக்கொண்டு போவதென்றால் இவர்கள்தான் தோள் கொடுக்க வேண்டும். அதைக் கேட்க வேண்டும். கேட்பதற்கு முன்னால் வேறொன்றைச் சொல்ல வேண்டும்.

கடைசியில் அது ஓநாய்ப் பாம்பாகவே இருந்துவிட்டால்? வருடம் பூராவும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

சிரித்துவிட்டுப் போகட்டும் என்று நினைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

இறங்கினான். விரல் வீங்கினால் இறுகும் என்று மோதிரத்தைக் கழற்றினான்.

"எனக்குத் தெரியல," என்றான். "கட்டுவிரியனாக்கூட இருக்கலாம். என்னைத் தூக்கிட்டுத்தான் போகணும்."

யாரும் சிரிக்கவில்லை.

நான்கு பேர் சட்டையைக் கழற்றினார்கள். சட்டைக் கைகள் வழியாக இரண்டு மூங்கிலையும் கோத்ததில் படுக்கிற மாதிரி ஒன்று ஆயிற்று. அவன் கையை ஒரு குச்சியோடு சேர்த்துத் துப்பட்டாவால் இறுக்காமல் கட்டினார்கள். ஆறு பேர் தூக்கினார்கள். சடையன் முன்னால் கிளைகளை விலக்கிக்கொண்டு போனார்.

ஜெசிந்தா பக்கத்தில் நடந்தாள். கணக்கு டீச்சர். பார்க்கிற பாம்பையெல்லாம் குழுவுக்காக நோட்டில் எழுதி வைப்பவள். பழக்க தோஷத்தில் நோட்டைப் பிரித்துவிட்டாள். என்ன எழுதுவது என்றுதான் தெரியவில்லை.

"பேரு என்னன்னு போடட்டும் சார்?"

"பேரு வேண்டாம். கடிச்ச நேரத்தப் போடுங்க. டாக்டர் அதத்தான் கேப்பாரு."

அவன் முதல் தடவை பாறையில் கைவைத்தபோது அவள் ஒரு படம் எடுத்திருந்தாள். போனில் அதைத் தேடிப் பார்த்தாள். பத்து இருபத்தைந்து. எழுதினாள்.

கணக்கு டீச்சர் இல்லையா, இப்போது மணி என்ன என்றும் பார்த்தாள்.

பத்து ஐம்பத்தொன்று. கடித்து இருபத்தாறு நிமிடம்.

அதை எழுதவில்லை. நோட்டை மூடிப் பையில் போட்டுவிட்டு, மூங்கிலுக்கு அவளும் ஒரு தோள் கொடுத்தாள்.