இரண்டு கைகளுக்கு நடுவே

அவள் கையில் தூண்டில் கோல் வில்லாக வளைகிறது. "விட்றாத, விட்றாத!" என்று கணவன் பின்னால் நின்று கத்துகிறான்; அவன் துள்ளலில் படகே ஆடுகிறது. அவளுக்கு மூச்சு வாங்குகிறது, சிரிப்பும் வருகிறது. எத்தனையோ வருடமாக, எத்தனையோ ஏரிக்கரைகளில், தப்பிப்போன மீன்களின் அளவை அவன் கைகளை விரித்துக் காட்டுவான். அவள் அவன் முழங்கைகளைப் பிடித்து அதைப் பாதியாகக் குறைப்பாள். அதற்கென்றே காத்திருந்து சிரிப்பார்கள், கூட வரும் மெக்கானிக்கும் அவன் மனைவியும். இப்போது காலை வெயிலில் நீரைப் பிளந்துகொண்டு ஒரு வெள்ளி முதுகு புரள்கிறது. கைவலைக்குள் அது அடங்கவில்லை. கணவன் சட்டையோடு தண்ணீரில் குதித்து, வெகுநாள் கழித்து வந்த மச்சானைப்போல அதை ஆரத் தழுவுகிறான். மீன் வாலால் அவன் கன்னத்தில் பளாரென்று ஒன்று வைத்துவிட்டு, தூண்டில் நரம்பை அறுத்துக்கொண்டு போயே போய்விடுகிறது. அலை அடங்குவதற்குள் நாணல் புதரைச் சுற்றிக்கொண்டு நண்பர்களின் படகு வருகிறது. "என்னாச்சு, ஏன் இப்படிக் கத்துறீங்க?" என்கிறான் மெக்கானிக். அவள் கோலைப் போட்டுவிட்டு இரண்டு கைகளையும் விரிக்கிறாள். "இவ்ளோ பெருசு!" மெக்கானிக்கின் மனைவி வாயைப் பொத்திக்கொள்கிறாள். "அடிப்பாவி, உனக்கும் தொத்திக்கிச்சா?" சொட்டச் சொட்டப் படகில் ஏறிய கணவன் வந்து அவள் முழங்கைகளைப் பிடிக்கிறான், பிடித்து, இன்னும் ஒரு சாண் விரித்து வைக்கிறான்.