தாமரைக்குளத்துச் சிரிப்பு

"என்ன லம்துவன், இன்னைக்காவது என்னை ஒழுங்கா காதலிப்பியா?"

முன்வரிசையில் மல்லிகை மாலையும் சக்கர நாற்காலியுமாக வீற்றிருந்த பழைய கதாநாயகன் கம்தோன் கேட்டார். அரங்கம் கொல்லென்று சிரித்தது. தொண்ணூறு வயதிலும் மனுஷனுக்குக் குசும்பு போகவில்லை பார் என்று பேசிக்கொண்டார்கள்.

லம்துவன் கைகூப்பி வணங்கிவிட்டு மைக் முன்னால் உட்கார்ந்தாள்.

அந்தக் காலத்துப் பாங்காக் படங்களுக்கு ஒலிப்பதிவே கிடையாது. கேமரா ஊமை. படம் ஓடும்போது கொட்டகையில் ஒரு ஆள் மைக்கைப் பிடித்துக்கொண்டு எல்லாப் பாத்திரங்களுக்கும் பேசித் தீர்ப்பான். நூற்றிருபது படங்களில் கதாநாயகியாக நடித்த லம்துவனுக்கு ஊருக்கு ஊர் மீசைக்காரர்கள்தான் குரல் கொடுத்தார்கள். கோயில் திருவிழாவில் பாய் விரித்து, விடிய விடிய அவளைப் பார்த்த சனம் அவள் சொந்தக் குரலைக் கேட்டதே இல்லை.

இன்றைக்கு ஓடப்போகும் படத்தின் பிரதி போன வருஷம்தான் ஒரு புத்தர் கோயில் சாமான் அறையில் அகப்பட்டது. கம்தோனே தயாரித்து, கம்தோனே நாயகனாக நடித்த படம். அவருடைய பிறந்தநாள் விழாவில் அதைத் திரையிடப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், "அன்னைக்குக் குரல் நான் குடுக்கறேன்" என்று லம்துவன் தானாகவே போய் நின்றாள்.

விழாக்காரர்கள் நெகிழ்ந்து போனார்கள். விவரம் கெட்டவர்கள்!

அந்தப் படப்பிடிப்பில்தான் நொய் செத்தாள். லம்துவனின் தங்கை, பத்தொன்பது வயது. அக்காவுக்கு டூப்பாகப் படகிலிருந்து ஆற்றில் விழ வேண்டியவள். படகை ஓட்டியது கம்தோன். இடுப்பளவு தண்ணீரில் படகைச் சடக்கென்று திருப்பி அவளை விழவைப்பதாகப் பேச்சு. நடு ஆற்றுக்குப் போய்த் திருப்பினார்.

அந்தப் பெண்தான் அடம்பிடித்தாள், நீச்சல் தெரியாது என்று யாரிடமும் சொல்லவில்லை என்று பத்திரிகைக்காரர்களிடம் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார். பழி செத்தவள் தலையில் விழுந்தது. இல்லை என்று லம்துவன் கத்திப் பார்த்தாள். சாட்சி எங்கே என்று கேட்டார்கள்.

சிதை ஆறிய நாலாம் நாள், ஒப்பந்தத்தைக் காட்டி மிரட்டி அவளை இழுத்துவந்து காதல் காட்சி எடுத்தார்கள்.

அந்தக் காட்சிதான் இப்போது வருகிறது.

தாமரைக்குளம். நாயகனின் மார்பில் சாய்ந்திருக்கும் நாயகி நிமிர்ந்து ஏதோ கேட்கிறாள். நாயகன் சிரித்துக்கொண்டே பதில் சொல்கிறான். அந்தச் சிரிப்புக்குத்தான் கம்தோனுக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. அதைப் பார்த்துக் கிறங்காத பெண் அந்நாளில் இல்லை. ஒரே ஒரு குறைதான். எப்பேர்ப்பட்ட குரல்காரன் பேசினாலும் அந்த இடத்தில் மட்டும் வசனமும் வாயசைவும் ஒட்டவே ஒட்டாது. கொட்டகைக்குக் கொட்டகை அதைச் சொல்லிக் கேலி செய்வார்கள்.

லம்துவன் கையில் பழைய வசனத்தாள் இருந்தது. 'செத்தாலும் உங்களைப் பிரிய மாட்டேன்.' கூடச் சேர்ந்து சொல்ல அரங்கமே தயாராக இருந்தது.

அவள் தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

திரையில் இருபத்துநாலு வயது லம்துவன் நிமிர்ந்து பார்த்தாள். மைக்கில் எண்பது வயது லம்துவன் பேசினாள்.

"என் தங்கச்சிக்கு நீச்சல் வராதுன்னு உனக்குத் தெரியும்தானே?"

கூடச் சொல்ல வாயெடுத்தவர்கள் பாதியில் நிறுத்தினார்கள். கிழவிக்குப் புத்தி பிசகிவிட்டதா? ஆனால் வாயசைவு பொருந்தியது. முதல் தடவையாக, அச்சு அசலாகப் பொருந்தியது.

"நிறுத்துங்கடா!" கம்தோன் நாற்காலியிலிருந்து எழப் பார்த்தார். முட்டி ஒத்துழைக்கவில்லை.

திரையில் அவர் சிரித்தார். கேமராவுக்குக் காது கிடையாது என்ற தைரியத்தில், அவள் கன்னத்தைத் தட்டி, நிதானமாக உதட்டைப் பிரித்துப் பதில் சொன்னார்.

எல்லாப் பாத்திரங்களுக்கும் ஒரே ஆள் பேசுவதுதானே வழக்கம்? அவருக்கும் லம்துவனே பேசினாள்.

"தெரியும். யாரு கேக்கப் போறா?"

அதுவும் பொருந்தியது.

பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, "இன்னொரு தடவை போடுங்க!" என்றாள்.

படம் ஓட்டுகிறவர் யாருடைய அனுமதிக்கும் காத்திருக்கவில்லை. சுருள் பின்னால் ஓடி நின்றது.

இந்தத் தடவை லம்துவன் மைக்கை நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள்.

குளம் வந்தது. சிரிப்பு வந்தது. முன்னூறு பேரும் அவர் உதட்டையே பார்த்தபடி வாய்விட்டுச் சொன்னார்கள்.

"தெரியும். யாரு கேக்கப் போறா?"