இல்லாத கண்ணாடி

செல்லப்பாண்டி வாழ்நாளில் உருப்படியாகச் செய்த ஒரே வேலை, மதிவதனி டீச்சரின் நெற்றியைப் புடைக்க வைத்துவிட்டது. தன் வாட்டர் வாஷ் கடையில் அவளுடைய கார் கண்ணாடிகளுக்குச் சோப்புத் தண்ணீர் தெளித்து, கறையை ஒற்றியெடுக்கும் க்ளே எனும் களிமண் கட்டியால் ஒரு மணி நேரம் இழைத்திருந்தான். தார், பிசின், உப்புக்கறை என்று ஒட்டிய எதையும் விடவில்லை. கண்ணாடி இருப்பதே தெரியவில்லை. காரில் ஏறியவளிடம், நான்கு மாதமாக விழுங்கிய கேள்வியைக் கக்கிவிட்டான்.

"என்னைக் கட்டிக்கிறீங்களா டீச்சர்?"

பட்டென்று கதவைச் சாத்தினாள். பிறகு பதில் சொல்லத் தலையை நீட்டினாள். டங். உள்ளே உதடு அசைந்தது. திட்டா, பதிலா?

"ஒண்ணும் கேக்கலை டீச்சர்."

கண்ணாடி இறங்கியது. நெற்றியைத் தேய்த்தபடி சொன்னாள்: "கட்டிக்கிறேன்னு சொன்னேன். ஆனா வீட்டுக் கண்ணாடியில நான் ஒட்டி வைக்கிற பொட்டுல நீங்க கை வைக்கக் கூடாது."