பதிலுக்கு விட்ட பக்கம்

தொண்ணூற்றாறு தை மாதம், லண்டன் செவன் கிங்ஸில் ஒரு மாடி வீட்டுக் குசினி. நாலு மணிக்கே வெளிச்சம் வற்றிவிட்டது. விளக்கை யாரும் போடவில்லை. கமலாம்பிகை லீக்ஸ் அரிந்துகொண்டிருக்கிறாள். மேசையில் கசெற் ஓடுகிறது. சாவகச்சேரியிலிருந்து கணவர் பேசி அனுப்பியது. “நான் நல்ல சுகம், ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ” என்கிறார். அவர் ஷெல் விழுந்து செத்த செய்தி மார்கழியிலேயே தொலைபேசியில் வந்துவிட்டது. குரல்தான் கைமாறிக் கைமாறிப் போன கிழமை வந்துசேர்ந்தது. வழக்கம்போல ஒரு பக்கத்தில் பேசி, மறுபக்கத்தைப் பதிலுக்கென்று வெறுமையாக விட்டிருந்தார். குரல் முடிகிறது. ரெக்கோடர் தானாகவே மறுபக்கத்துக்குத் திரும்புகிறது. முதலில் வெறும் இரைச்சல். பிறகு கிணற்றுக்குள் பாறை உருள்வதுபோல் ஒரு தாளம். அதன் மேல், அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத்தில் யாரோ வீட்டு அறைக்குள் பதிந்த திகில் ராப் பாட்டு, பிணப்பெட்டி, மண்வெட்டி என்று ஆங்கிலத்தில் முணுமுணுக்கிறது. கதவடியில் மகன் காண்டீபன் விறைத்து நிற்கிறான். வேலைக் கூட்டாளியிடம் இரவல் வாங்கி, அப்பா வெறுமையாக விட்ட பக்கத்தில் அதைப் பதிந்தவன் அவன்தான். நிறுத்தக் கை நீட்டுகிறான்.

“இனிப் பதில் அனுப்ப ஆளில்லைத்தானே, அம்மா…”

“பொறு. என்னவாம் சொல்லுறான்?”

“தன்ரை ஆக்களெல்லாம் செத்துப்போச்சினமாம். அடுத்தது தானாம்.”

“சுகமெண்டு ஒரு இடத்திலயும் சொல்லேல்லையோ?”

“இல்லை.”

அவள் கத்தியை வைக்கிறாள். ஈரக்கையைக் கார்டிகனில் துடைத்துவிட்டுச் சத்தத்தைக் கூட்டுகிறாள்.