இரட்டையரில் ஒருத்தி

கணபதி என்ற ஊரில், தெய்வாத்தாள் வீட்டுக் கூடத்தில், பூட்டிய புத்தக அலமாரியின் கண்ணாடியில் மாலை வெயில் மின்னுகிறது. ஆறு வயது இரட்டையர் எதிரெதிரே அமர்ந்திருக்கின்றனர். இந்த வீட்டில் வளரும் வசந்தாமணி பட்டுப்பாவாடையில் இருக்கிறாள். மில் வேலைக்குப் போகும் தாய் நாச்சியம்மாளுடன் வந்திருக்கும் சாந்தாமணி, சாயம் போன சீட்டிப்பாவாடையில். "உன்ற ரத்தத்துல எழுத்து ஏறாது அம்மணி, ஒண்ணாவது எங்கூட்டுல வளந்து படிக்கட்டும்" என்று நாச்சியம்மாளிடம் சொல்லித்தான் மூத்த ஓரகத்தி தெய்வாத்தாள் அன்று கைக்குழந்தையாக இருந்த வசந்தாமணியைத் தூக்கிச் சென்றாள். பின்னர் மில் சங்கத்தில் எழுத்துக் கற்ற நாச்சியம்மாள், மளிகை கட்டி வரும் தாளையெல்லாம் சாந்தாமணியுடன் சேர்ந்து படித்தவள். இப்போது இந்த வீட்டுக்கு வந்திருக்கும் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகையைச் சாந்தாமணி தடையின்றி வாசித்து முடிக்கிறாள்.

"ஏனுங்கக்கா, உங்க பொண்ணும் படிக்கட்டுமுங்களே" என்கிறாள் நாச்சியம்மாள், மிகுந்த பணிவோடு. வசந்தாமணியின் விரல் முதல் எழுத்திலேயே நிற்கிறது. "பள்ளிக்கோடத்துல இன்னும் சொல்லித்தரலை" என்னும் தெய்வாத்தாளின் முகம் கறுக்கிறது. "அப்படிங்களா? பொறுமையா படிக்கட்டுமுங்க, எனக்கொண்ணும் அவசரமில்லீங்க." அந்த முகத்தை நாச்சியம்மாள் ஆசை தீரப் பார்க்கிறாள். பிறகுதான் குழந்தையைப் பார்க்கிறாள். அழுகையை அடக்கும் வசந்தாமணியின் கீழுதடு இடப்பக்கம் கோணுகிறது. அவளைக் கொடுத்த அன்று நாச்சியம்மாளுக்குக் கோணியதைப் போலவே.