காலுக்கு அளவான சீட்டு

"கையை எடும்மா. வண்டி என்னுது."

டெல்சி கையை எடுக்கவில்லை. இன்னொரு கையையும் கொண்டுவந்து ஹேண்டில்பாரில் வைத்துக்கொண்டாள்.

"இது என் சைக்கிள்ண்ணே. இருபது நாளைக்கு முன்னாடி இதே பஸ் ஸ்டாப்புலதான் காணாமப் போச்சு."

குருபரப்பள்ளி பைபாஸ் ஓரம், மாரம்மாவின் டீக்கடை வாசல். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் டம்ளரோடு எழுந்து வந்தார்கள். சும்மா கிடைக்கிற வேடிக்கையை யார் விடுவார்கள்?

வண்டியோடு நின்ற பரமசிவம் உள்ளூர்க்காரன். சிரித்தபடியே பேசினான்.

"என் தங்கச்சிக்கு ஸ்கூல்ல குடுத்த வண்டிம்மா. அவ கல்யாணமாகிப் போனதுல இருந்து நான்தான் ஓட்டறேன். ரெண்டு வருசமாவுது."

மறுத்துப் பேச வழியில்லை. பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கும் நீலச் சைக்கிள் அது. ஊர் ஊருக்கு நூற்றுக்கணக்கில் ஓடுகிறது, எல்லாம் ஒரே அச்சு. டெல்சி தூத்துக்குடியில் படிக்கும்போது வாங்கியதை ஆம்னி பஸ் டிக்கியில் போட்டு இங்கே கொண்டுவந்திருந்தாள். பிரேமில் இருக்கும் நம்பரை அவளும் குறித்து வைக்கவில்லை, அவனும் குறித்து வைக்கவில்லை.

அவள் வேலை பார்க்கும் கம்பெனியின் பஸ் இந்த ஸ்டாப்பில்தான் வரும்; தங்கியிருந்த அறையோ பைபாஸிலிருந்து உள்ளே நாலு கிலோமீட்டர். சைக்கிள் போனதிலிருந்து நடந்தே வந்து, இரண்டு முறை கம்பெனி பஸ்ஸை விட்டிருந்தாள். மூன்றாவது முறை விட்டால் ஊருக்கே டிக்கெட் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டான் கான்ட்ராக்டர். இன்றைக்கு ஒன்றரை மணி பஸ்ஸுக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

"எதுக்கு சண்டை? முனிவேலு கிட்ட போங்க. அவன் சொல்லட்டும்," என்றாள் மாரம்மா.

முனிவேல் பக்கத்துச் சைக்கிள் கடைக்காரன். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து ஒரு வாய்தான் வைத்திருந்தான். கூட்டத்தைப் பார்த்ததும் எரிச்சலோடு மூடிவைத்துவிட்டுக் கை கழுவினான்.

"என்னா மச்சான்?" என்று பரமசிவத்தைக் கேட்டான். இருவரும் ஒரே திருவிழாக் கமிட்டி. பரமசிவம் அந்தப் பக்கத்து ஆட்கள் பேசும் தெலுங்கில் ஏதோ சொல்ல, முனிவேல் தெலுங்கிலேயே ஏதோ பதில் சொல்ல, இருவரும் சிரித்தார்கள். தீர்ப்பு தெலுங்கிலேயே முடிந்துவிட்டது என்று டெல்சி நினைத்தாள்.

"நானே சொல்லிடறேன் மச்சான்," என்றான் பரமசிவம். "இந்தம்மாவ சீட்டுல ஏறி உக்காரச் சொல்லு. கால் எட்டுதா பாரு. அப்பறம் நான் உக்கார்றேன்."

முனிவேலுக்கு அந்த யோசனை பிடித்திருந்தது. "ஏறும்மா," என்றான்.

"என்னண்ணே நீங்களும் இப்படிச் சொல்லுதிய?"

"ஏறும்மா. பஸ்ஸுக்கு நேரமாவுது இல்ல?"

டெல்சி ஏறினாள். பெடலைக் கீழே விட்டதும் குதிகால் எட்டவில்லை. கால் விரலை நீட்டினாள், அது மட்டும் உரசியது. சீட்டில் இருந்து சரிந்து விழப் பார்த்தாள். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"இப்ப நீ."

பரமசிவம் ஏறினான். முனிவேல் குந்தி உட்கார்ந்து பார்த்தான். குதிகாலைப் பெடலில் வைக்கச் சொன்னான், முழங்கால் நேராக நின்றது. முன்பாதத்தை வைக்கச் சொன்னான், முழங்கால் கொஞ்சமாக மடங்கியது. சீட்டின் மூக்கு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"அளவு எடுத்து வச்சாப்பல இருக்குது மச்சான்," என்றான் முனிவேல். "நானே வச்சிருந்தாலும் இப்பிடித்தான் வச்சிருப்பேன். எத்தினி நாளா இந்த ஒசரம்?"

"ரெண்டு வருசமா. ஒரு நூலு கூட நகத்தல."

"வேற யாரும் கை வைக்கல?"

"என் வண்டில எவன் கை வைப்பான்? கோயில்ல வந்து சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்றேன்."

"கேட்டியாம்மா?" என்றாள் மாரம்மா. "தெரியாத ஊர்ல வந்து ஒருத்தரத் திருடன்னு சொல்லிட்ட. மன்னிப்புக் கேட்டுட்டு பஸ்ஸப் புடி, போ."

டெல்சிக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. தன் சைக்கிளையே தன்னால் ஓட்ட முடியாது என்று நாலு பேர் முன்னால் காட்டிவிட்டார்கள். நாளைக்கும் நடக்க வேண்டும். அடுத்த வாரம் அம்மாவுக்குப் போன் போட்டு வேலை போய்விட்டது என்று சொல்ல வேண்டும். அவள் ஹேண்டில்பாரை விட்டுவிட்டாள்.

"சரி, யாரு வண்டின்னு தெரிஞ்சி போச்சி," என்று முனிவேல் எழுந்தான். "எறங்கு மச்சான்."

பரமசிவம் இறங்கிச் சட்டையை உதறிக்கொண்டான். முனிவேல் பழைய துணி ஒன்றை எடுத்து, சீட்டைத் தாங்கும் கம்பியில் படிந்திருந்த புழுதியை மேலிருந்து கீழாக ஒருமுறை அழுத்தித் துடைத்தான்.

"அளவு உன்னுதுதான் மச்சான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா கம்பியோட மேல்பக்கம் பூரா துருவேறிக் கெடக்குது, அதுக்குக் கீழ மூணு விரலு மட்டும் கடையில வாங்குனாப்பல மின்னுது. ரெண்டு வருசம் வெளிய நின்ன கம்பின்னா, அந்த மூணு விரலு மட்டும் மழையில நனையாம எங்க இருந்துச்சு?"

முனிவேல் ஸ்பேனரால் போல்ட்டைத் தளர்த்தி, துரு முடிகிற கோடு குழாயின் வாய்க்கு வரும்வரை சீட்டைத் தட்டி இறக்கி, மறுபடி முறுக்கினான். "இப்ப ஏறும்மா," என்றான். ஏறி உட்கார்ந்த டெல்சியின் குதிகால், பெடலில் அச்சாகப் பதிந்தது.